ரெண்டாவது ஈடு

கறியை பாட்டிலில் அடைக்கிற அன்றைக்கு அந்த வீட்டில் இரண்டு பெண்களும் காலையிலிருந்து வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவரோடு ஒருவர்தான் பேசவில்லை. பெரியவள் அடுப்போடு பேசினாள், சின்னவள் அண்டாவோடு பேசினாள். "தீ கொஞ்சம் கூடத்தான் இருக்கு" என்று பெரியவள் அடுப்பைப் பார்த்துச் சொல்வாள். "கூடத்தான் இருக்கு" என்று சின்னவள் அண்டாவுக்குச் சொல்லிவிட்டு வந்து தீயைக் குறைப்பாள். வெளியிலிருந்து கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். அந்த வீட்டில் குடியிருக்கிறவர்களுக்கு வராது.

இரண்டு பேரும் ஓரகத்திகள். அண்ணனைக் கட்டியவள் பெரியவள், தம்பியைக் கட்டியவள் சின்னவள். அண்ணன் தம்பி இருவரும் சேர்ந்து ஒரு போர்வெல் லாரி வைத்திருந்தார்கள். தண்ணீர் வற்றிப்போன பக்கமெல்லாம் லாரியை ஓட்டிக்கொண்டு போய், வெட்டவெளியில் கூடாரம் அடித்துத் தங்கி, மழை தொடங்குகிற வரைக்கும் பூமியைத் துளைத்துக்கொண்டிருப்பார்கள். போகிற இடத்தில் கடையும் கிடையாது, கரண்டும் கிடையாது. லாரியில் இருக்கிற எஞ்சின் துளை போடுவதற்கு, ஃப்ரிட்ஜ் ஓட்டுவதற்கு இல்லை. ஆகவே அவர்கள் தின்னப்போவதையெல்லாம் வெயில் தாங்குகிற மாதிரி கட்டிக்கொடுத்து அனுப்புவது பெண்கள் பாடு.

அது ஒன்றும் லேசுப்பட்ட வேலை இல்லை. சாப்பாட்டுச் சாமான் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகக் காலை வாரும். சோறு ஊசும். பால் திரியும். மாவு புளிக்கும். எண்ணெய் சிக்கு அடிக்கும். பருப்பில் வண்டு விழும். ரொட்டியில் பூசணம் பூக்கும். பிஸ்கட் நமத்துப்போகும். ஆனால் இவையெல்லாம் யோக்கியமான சாமான்கள். மூக்கிடமோ கண்ணிடமோ ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் கெட்டுப்போகும். பாட்டில் கறிக்கு அந்த யோக்கியதை கிடையாது. சரியாக ஆவி ஏறாத பாட்டில் சில சமயம் நாறாது, நுரைக்காது, நிறமும் மாறாது. வாயில் போட்டால் ருசியாகக்கூட இருக்கும். மறுநாள் தின்றவனுக்குக் கண் இமை தூக்காது, பார்க்கிறதெல்லாம் இரண்டிரண்டாகத் தெரியும், அப்புறம் மூச்சு திணறும். போன வருஷம் வேறொரு லாரிக்காரர் அப்படித்தான் போய்ச் சேர்ந்தார். துக்கம் கேட்கப் போன பெரியவள், அந்த வீட்டு அம்மா "நான்தானே அடைச்சேன், நான்தானே அடைச்சேன்" என்று தலையில் அடித்துக்கொண்டதைப் பார்த்துவிட்டு வந்து, நாலு நாள் சாப்பிடாமல் கிடந்தாள்.

இதற்காகத்தான் ஹோட்டல்காரர்கள் வைத்திருக்கிற மாதிரி அத்தனை பெரிய குக்கர். கறியைச் சுடச்சுட பாட்டிலில் அடைத்து, மூடியைத் திருகி, குக்கருக்குள் அடுக்கி, வெயிட்டைப் போட்டு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டும். எல்லா பாட்டிலும் ஒரே தடவையில் கொள்ளாது. முதல் ஈடு, ரெண்டாவது ஈடு என்று இரண்டு ஈடு எடுப்பார்கள். இதில் ஒரு வில்லங்கம் உண்டு. சூடாக அடைத்த கறி ஆறும்போது, குக்கரில் ஆவி ஏறினாலும் ஏறாவிட்டாலும் மூடி தானாக உள்வாங்கிக்கொள்ளும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அடைத்தவளுக்கே அடையாளம் தெரியாது.

சரி, இவர்களுக்குள் என்ன சண்டை? சொன்னால் நம்பமாட்டீர்கள். உறவுக்காரர் வீட்டில் எல்லாரும் கூடியிருந்தபோது யாரோ சின்னவளைப் பற்றி விசாரித்தார்கள். பெரியவள், "அவளா? எதை எடுத்தாலும் பாதியில போட்டுட்டுப் போனாத்தான் அவளுக்குத் தூக்கமே வரும்" என்று சொல்லிச் சிரித்தாள். கதவுக்கு அந்தப் பக்கம் சின்னவள் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். அவ்வளவுதான், அன்றோடு பேச்சு நின்றது.

பெரியவள் தப்பை ஒப்புக்கொள்கிற ஆள் இல்லை. அதோடு ஒரு வைராக்கியம் வேறு வைத்துக்கொண்டாள். சின்னவளிடம் எதையும் கேட்பதில்லை. கேட்டால் இறங்கிப்போன மாதிரி ஆகிவிடுமாம். அதனால் கேட்க வேண்டியதிலிருந்தெல்லாம் கடைசி 'ஆ'வை வெட்டி எறிந்துவிட்டுச் சொல்லுவாள். "பால் காய்ச்சியாச்சா" என்பது "பால் காய்ச்சியாச்சு" ஆகிவிடும். சின்னவள் மட்டும் சளைத்தவளா? பதில் சொல்லமாட்டாள், சொன்னதையே திருப்பிச் சொல்லுவாள். "காய்ச்சியாச்சு." இவள் கேட்டாளா சொன்னாளா, அவள் பதில் சொன்னாளா பழிப்புக் காட்டினாளா என்பதெல்லாம் அந்த வீட்டுச் சுவருக்குத்தான் வெளிச்சம். மாசக்கணக்கில் குடும்பம் இந்த அழகில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அன்று காலையும் அப்படித்தான் ஓடியது. முதல் ஈட்டை அடுப்பில் ஏற்றி, குக்கர் ஊரைக் கூட்டுகிற மாதிரி சீறத் தொடங்கியபோது பெரியவளின் கணவனிடமிருந்து போன் வந்தது.

"தார்ப்பாய் தைக்கக் குடுத்தோமே, அவன் இன்னும் ஊசியே கோக்கலையாம். நீ போய் எதிர்ல உட்காரு. உன் வாய்க்குத்தான் அவன் பயப்படுவான்."

"என் வாய் இதுக்காச்சும் உதவுதே" என்று சொல்லிவிட்டு அவள் கிளம்பினாள். தார்ப்பாய்க்காரன் கடையில் உட்கார்ந்து, அவனை வைது, டீ வாங்கிக் கொடுத்து, மறுபடியும் வைது, கடைசித் தையல் விழுகிற வரைக்கும் நகரவில்லை. தார்ப்பாயைச் சுமந்துகொண்டு வீடு திரும்பும்போது உச்சி வெயில். எத்தனை நேரம் அங்கே இருந்தோம் என்று அவளுக்குத் தெரியாது. கோபத்தில் இருக்கிறவள் கடிகாரத்தையா பார்ப்பாள்?

சமையலறையில் எல்லா பாட்டிலும் அலமாரியில் வரிசையாக நின்றன. மேலே துண்டு போர்த்தியிருந்ததால் எல்லாம் ஒரே வெதுவெதுப்பில் இருந்தன. சின்னவள் வேலைக்குப் போகிற உடுப்பை மாற்றிக்கொண்டு குக்கரைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். அவள் ஒரு சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள், மத்தியான ஷிஃப்ட்.

"ரெண்டாவது ஈடும் எடுத்தாச்சு" என்றாள் பெரியவள், அலமாரியிடம்.

"எடுத்தாச்சு" என்றாள் சின்னவள், குக்கரிடம். கையைத் துடைத்தாள், பையை மாட்டினாள், ஓடினாள்.

பெரியவள் பாட்டில்களை வைக்கோல் பரப்பிய பெட்டிகளில் அடுக்கினாள். முதல் ஈடு எது, ரெண்டாவது ஈடு எது என்று இல்லாமல் எல்லாம் கலந்துதான் போயிற்று. கடைசிப் பெட்டியை வாசலுக்கு இழுத்து வந்தபோது பக்கத்து வீட்டு வாட்ச்மேன் வேலிக்கு மேல் தலையை நீட்டினார். ராத்திரியெல்லாம் ஒரு குடோனுக்குக் காவல் இருந்துவிட்டுப் பகலில் தூங்குகிற மனிதர். வருஷா வருஷம் இந்தக் குக்கர் சத்தத்துக்காக வந்து மல்லுக்கு நிற்பவர். இன்றைக்கு முகம் மலர்ந்திருந்தது.

"நல்லா இருங்கம்மா. இந்தத் தடவை ஒரு தடவையோட நிறுத்திக்கிட்டீங்க. நிம்மதியாத் தூங்கினேன்."

"எது ஒரு தடவையோட?"

"அதான், உங்க பூதம். காலையில ஒரு தடவை கத்துச்சு. அப்புறம் சத்தமே இல்லையே."

பெரியவள் பெட்டியை அப்படியே விட்டுவிட்டு வேலியோரம் போனாள். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. ரெண்டாவது தடவை கத்தலையா?"

"கத்தியிருந்தா நான் வந்து சண்டை போட்டிருக்க மாட்டேனா?" என்று அவர் சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

அப்போது பிடித்த ஓட்டம்தான். பெட்டியைப் பிரித்து ஒரு பாட்டிலை எடுத்து மூடியை விரலால் அழுத்திப் பார்த்தாள். உள்வாங்கித்தான் இருந்தது. இன்னொன்று, அதுவும் அப்படியே. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். கறி கறி மாதிரி இருந்தது. கேஸ் சிலிண்டரை ஆட்டிப் பார்த்தாள், லேசாகத்தான் ஆடியது. நேற்று எப்படி ஆடியது என்று யார் கண்டது? கவிழ்த்திருந்த குக்கரை நிமிர்த்தி முகர்ந்தாள், சோப்பு வாசனை அடித்தது. "கழுவுறதுல மட்டும் ஒரு குறையும் இல்ல, மகராசி" என்று பல்லைக் கடித்தாள்.

வேலைக்கு நேரமாகிவிட்டது என்று ரெண்டாவது ஈட்டை ஏற்றாமலே துண்டைப் போர்த்திவிட்டுப் போயிருப்பாளா? போயிருப்பாள். பாதியில் போடுகிறவள்தானே! "எடுத்தாச்சு" என்றாளே? அது பதிலா? நான் சொன்னதைக் கிளிப்பிள்ளை மாதிரி திருப்பிச் சொன்னாள். நான் 'வீடு இடிஞ்சாச்சு' என்று சொல்லியிருந்தால் 'இடிஞ்சாச்சு' என்றுதான் சொல்லியிருப்பாள்.

மறுபடியும் எல்லாவற்றையும் குக்கரில் ஏற்றலாம் என்றால் நேரம் இல்லை. பொழுது சாய்வதற்குள் லாரி ஊர் எல்லையைத் தாண்டியாக வேண்டும். அதற்குமேல் பெரிய வண்டியைப் பாலத்தில் விடமாட்டார்கள். கணவனுக்குப் போன் போட்டாள். பின்னால் எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது.

"சொல்லு, சீக்கிரம் சொல்லு."

"இந்த பாட்டில்... எல்லாம் சரியா வந்துச்சான்னு..."

"அதெல்லாம் நீங்க ரெண்டு பேரும் பார்த்துக்கிட்டதுதானே? என்னைக் கேட்டா எனக்கென்ன தெரியும்? வர்றேன், ரெடியா வை" என்று வைத்துவிட்டான்.

நீங்க ரெண்டு பேரும்! நல்லாச் சொன்னார். போனில் சின்னவளின் எண்ணை எடுத்தாள். பார்த்தாள். கட்டைவிரல் அதன் மேல் நின்றது, இறங்கவில்லை. என்னவென்று ஆரம்பிப்பது? 'அம்மாடி, ரெண்டாவது ஈடு எடுத்தியா' என்று கேட்டால், 'பாதியில போடறவகிட்ட ஏன் கேக்கறீங்க' என்று திருப்பிக் கொடுப்பாளே! போனை அரிசி டப்பா மேல் வைத்தாள். எடுத்தாள். மறுபடியும் வைத்தாள். வாசலுக்குப் போனாள், கொல்லைக்கு வந்தாள். உட்கார்ந்தால் கண்ணுக்கு முன்னால் கணவன் வந்து நின்றான். கூடாரத்துக்குள் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறான், கண் இமை பாதிக்கு மேல் தூக்கவில்லை, "நீ ரெண்டாத் தெரியறேடி" என்கிறான். சீ, என்ன நினைப்பு இது என்று எழுந்து நடந்தாள்.

செருப்பை மாட்டிக்கொண்டு சலவைக் கடைக்கே போய்விட்டாள். போகிற வழியெல்லாம் கேள்வியை வாயில் போட்டு உருட்டிக்கொண்டே போனாள். கடையின் முன்பக்கம் கண்ணாடி. உள்ளே ஆவி புகைய, சின்னவள் ஒரு வெள்ளைச் சட்டைக் கழுத்தை அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தாள். கல்லாவில் இருந்த பெண், "என்னம்மா வேணும்?" என்றாள்.

"கம்பளி... கம்பளியெல்லாம் வெளுப்பீங்களா?"

"வெளுப்போமே. கொண்டு வந்திருக்கீங்களா?"

அந்தக் குரலுக்குச் சின்னவள் நிமிர்ந்தாள். இஸ்திரிப் பெட்டி கையிலேயே நின்றுவிட்டது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் பெரியவள், அந்தப் பக்கம் அவள். சின்னவளின் வாய் லேசாகத் திறந்தது. அவள் ஏதாவது கேட்டுவிடப் போகிறாளே என்று பயந்து பெரியவள், "இல்ல, அப்புறம் கொண்டு வர்றேன்" என்று திரும்பி நடையைக் கட்டினாள். தெருமுனை வந்ததும் தன் கன்னத்தில் தானே ஒன்று போட்டுக்கொண்டாள். எதிரே வந்த சைக்கிள்காரர் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனார்.

வீட்டுக்கு வந்ததும் முடிவு பண்ணிவிட்டாள். தெரியாத பாட்டில் போக வேண்டாம். ஒரு வாய் கறி இல்லாமல் அவர் பருப்பும் ரொட்டியும் தின்றுவிட்டு வரட்டும், உயிரோடு வரட்டும், போதும்.

கொல்லைக் கோடியில் குப்பைக்கு வெட்டிய குழி இருந்தது. பெட்டிகளை அங்கே இழுத்துப் போனாள். முதல் பாட்டிலின் மூடியை நெம்பினாள். 'டப்' என்று விட்டது. வாசனை குப்பென்று முகத்தில் அடித்தது. மிளகும் பூண்டுமாக அப்படி ஒரு வாசனை! முந்தின நாள் ராத்திரி வரை உட்கார்ந்து கொழுப்பு நீக்கி, நரம்பு நீக்கி, துண்டு துண்டாக அரிந்தது இரண்டு பேருமாக. இவள் அரிவாள்மணையிடம் பேசினாள், அவள் முறத்திடம் பேசினாள், ஆனாலும் இரண்டு பேரும்தான் அரிந்தார்கள். குழியில் கொட்டினாள். அடுத்தது. டப். அடுத்தது. டப். ஒவ்வொரு மூடியும் பிடித்த பிடியை விடமாட்டேன் என்று அடம் பிடித்துத்தான் திறந்தது. அழுகை வந்தது, மூக்கைத் துடைத்துக்கொண்டு கொட்டினாள். நாய்கள் கிளறித் தின்று செத்துவைக்கப் போகின்றன என்று மேலே பினாயில் ஊற்றி, மண்ணைத் தள்ளினாள். வேலை முடிந்ததும் மனசு ஆறும் என்று நினைத்தாள். ஆறவில்லை.

லாரி வந்து வாசலில் நின்றது. கொழுந்தன்தான் முதலில் குதித்தான். எப்போதும் அண்ணியைச் சீண்டாமல் அவனுக்கு ஒரு நாள் போகாது. "என்ன அண்ணி, வாசலெல்லாம் வெறிச்சோடிக் கிடக்கு? கறியை நீங்களே காலி பண்ணிட்டீங்களா?" என்று கேட்டுக்கொண்டே பருப்பு மூட்டையைத் தோளில் ஏற்றினான்.

"கொட்டிட்டேன்" என்றாள் பெரியவள்.

அவள் கணவன் கொல்லைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். முகம் கறுத்திருந்தது. "எல்லாத்தையுமா? ஏன்? கெட்டுப்போச்சா?"

"தெரியல."

"தெரியலயா? தெரியாமயா இவ்வளவையும் குழியில போட்டே?"

"ரெண்டாவது ஈடு ஏறுச்சா இல்லையான்னு தெரியல. ஏறலைன்னா உங்க உயிரு போயிருமேன்னு..."

"ஏத்துனவளைக் கேட்டியா?"

பெரியவள் தரையைப் பார்த்தாள்.  அவன் கொல்லைப் பக்கம் இன்னொரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, காலி பாட்டில் ஒன்றைக் காலால் தள்ளினான். அவன் திட்டியிருந்தால் தேவலை போல இருந்தது அவளுக்கு.

அந்த நேரத்தில் சின்னவள் மூச்சிரைக்க உள்ளே வந்தாள். கடை ஏப்ரனைக்கூடக் கழற்றவில்லை. கணவனை வழியனுப்ப அனுமதி கேட்டுக்கொண்டு ஓடிவந்தவள், கொல்லை வாசலில் குவிந்து கிடந்த காலி பாட்டில்களைப் பார்த்து அப்படியே நின்றாள்.

"என்ன இது?"

சுவரைப் பார்த்துக் கேட்கவில்லை. பெரியவளின் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"வாட்ச்மேன் ஒரு சத்தம்தான் கேட்டுச்சுன்னார்" என்றாள் பெரியவள்.  "ரெண்டாவது ஈடு நீ வைக்கலையோன்னு..."

"வச்சேன். அந்த மனுஷன் கொஞ்சம் தூங்கட்டுமேன்னு, அழுத்தம் ஏறினதும் தீயைக் குறைச்சு, வெயிட்டு லேசா ஆடற மாதிரி வச்சேன். ஸ்டூலைப் போட்டு அது பக்கத்துலயே உட்கார்ந்திருந்தேன், முழு நேரமும். எடுத்தாச்சுன்னு சொன்னேனே!"

"நான் சொன்னதை நீ திருப்பிச் சொன்னதா நெனச்சேன்."

"நெனச்சீங்க. கடை வரைக்கும் வந்தீங்க. என் மூஞ்சியைப் பார்த்தீங்க. யாருக்கோ என்னமோ ஆயிடுச்சுன்னு எனக்குக் கையே ஓடல. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே அக்கா."

"கேக்க முடியலடி."

"ஏன் முடியல? பாதியில போட்டுட்டு ஓடியிருப்பேன், அதானே? சரி, நான் அப்படிப்பட்டவதான். எதையும் உருப்படியா முடிக்கத் தெரியாதவதான்." சின்னவள் காலி பாட்டில் ஒன்றைத் தூக்கிக் காட்டினாள். "ஆனா அந்த பாட்டிலை உங்க வீட்டுக்காரர் மட்டுமா திங்கப் போறார்? என் வீட்டுக்காரரும் அதே பாட்டில்லதானே கை விடப் போறார்? அவருக்கு நான் விஷத்தைக் கட்டிக் குடுத்து அனுப்புவேனா?"

  மத்தியானத்திலிருந்து பெரியவள் எத்தனை தடவை நினைப்பிலேயே அந்தக் கூடாரத்துக்குள் போய்விட்டு வந்தாள்! இமை விழுந்தது ஒருவனுக்குத்தான். மூச்சு நின்றது ஒருவனுக்குத்தான். பக்கத்தில் இன்னொரு தட்டு இருந்ததா என்று அவள் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

"எனக்குத் தோணவே இல்லடி" என்றாள். பொய் சொல்ல அவளுக்கு அப்போது தெம்பு இல்லை. "சத்தியமாத் தோணல. அவர் ஒருத்தர்தான் கண்ணுக்கு முன்னாடி நின்னார்."

சொல்லி முடித்த பிறகுதான் லாரிப் பக்கம் சத்தம் நின்றுபோயிருந்தது அவளுக்கு உறைத்தது. கொழுந்தன் பின்கதவில் கயிற்றைப் பிடித்தபடி நின்றிருந்தான். இவள் இந்த வீட்டுக்குக் கல்யாணமாகி வந்தபோது அரைக்கால் சட்டையோடு ஓடி வந்து பெட்டியை வாங்கியவன். இவள் கைச் சோற்றைத் தின்று வளர்ந்தவன்.

"அப்போ நான் எந்த லாரியில போறேன் அண்ணி?" என்றான்.

வழக்கமான கேலிக் குரலில்தான் கேட்டான். கேட்டுவிட்டு அவனே முதலில் சிரித்தான். கூடச் சிரிக்க யாரும் இல்லை.  அப்புறம் கயிற்றை இழுத்து இன்னொரு முடிச்சுப் போட்டுவிட்டு, முன்பக்கம் போய் ஏறி உட்கார்ந்துகொண்டான்.